நாச்சியாருக்குப் பரிவட்டம் கட்டிய கதை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பட்டியல்தான். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் எனக்கு இன்றுவரை நிச்சயம் கிடையாது. சங்கத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு இதை நகல் எடுக்கிறவர் எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொள்ளட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம். சில இடங்களில் அவருக்குக் கை துறுதுறுக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சமையல்காரன். தெற்கே ஒரு சின்ன ஜமீனில், பதினைந்து வயதில் அடுப்படிக்குள் போனவன். அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளை நாச்சியார் என்றுதான் கூப்பிடுவோம். கடைசி நாச்சியாரை ஒரு டாக்டருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். டாக்டருக்குக் கனடாவில், மொன்றியலில் வேலை கிடைத்தது. இங்கே வந்து ஒரு பனிக்காலம் ரொட்டியும் வெண்ணெயும் தின்ற பிறகு, 1968இல் நாச்சியார் ஊரிலிருந்து இரண்டு சாமான்களை வரவழைத்தார். ஒன்று ஆட்டுக்கல், இன்னொன்று நான். ஆட்டுக்கல் கப்பலில் வந்தது. துறைமுகத்தில் சுங்கக்காரர்கள் அதை மூன்று நாள் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்களாம். என்னை இருபது நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

பரிவட்டம் என்றால் என்னவென்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. சாமிக்குச் சாத்திய பட்டுத் துணிதான் அது. எங்கள் ஊரில் பங்குனி உத்திரத்தன்று குருக்கள் அந்தத் துணியைச் சாமியிடமிருந்து எடுத்து, கூட்டத்துக்கு முன்னால் ஜமீன்தார் தலையில் கட்டுவார். அதுதான் முதல் மரியாதை. அது தலையில் ஏறினால்தான் அவர் ராஜா. சர்க்கார் சட்டம் போட்டு ஜமீனை எடுத்துக்கொண்டபோது நிலம் போனது, யானை போனது, வாசலில் நின்ற சேவகர்கள் போனார்கள். இந்த ஒன்றரை முழத் துணியை மட்டும் எந்த அதிகாரியும் கேட்கவில்லை. நாச்சியாரின் அப்பாவுக்குப் பிறகு அது அவர் அண்ணனுக்குப் போனது. பெண்ணுக்குக் கிடையாது.

நாச்சியாருக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் உக்கிராண அறையில் பெரிய வெண்கல அண்டாவைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு, கஞ்சி வடிக்கிற துணியைத் தலையில் பரிவட்டமாகக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா வந்து பார்த்துவிட்டுக் கன்னத்தில் ஓர் அறை விட்டார். நான் அரிசி மூட்டைக்குப் பின்னால் இருந்தேன். அம்மா போனதும் நாச்சியார் துணியை நான்காக மடித்து, மூட்டைக்குப் பின்னால் நீட்டினார். “இதை யார்கிட்டயும் சொல்லாதே” என்றார். சொல்லவில்லை. நான் யாரிடமும் எதையும் சொல்லுகிற ஆள் இல்லை. எனக்குக் கூச்சம் அதிகம்.

மொன்றியலில் அப்போது நம்மவர்கள் முப்பது குடும்பம்கூட இருக்கமாட்டார்கள். எல்லாரும் டாக்டர், எஞ்சினியர், பேராசிரியர். காலமும் சரியில்லாத காலம். ஒரு வருடம் இலையுதிர்ந்த சமயத்தில் தெருமுனையில் எல்லாம் துப்பாக்கியோடு பட்டாளத்துக்காரர்கள் நின்றார்கள். புறநகர் கர்க்லாண்டில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஊருக்குள் காரில் போகும்போது நான் சீட்டுக்குக் கீழே ஒளிந்துகொள்ளாத குறை. நாச்சியார் அவர்களை நிதானமாகப் பார்த்துவிட்டு, “நம்ம வாசல்லயும் இப்படித்தான் நின்னாங்க. ஆனா மீசை இருந்துச்சு” என்றார். அடுத்த வருடம் இந்தியாவில் ராஜாக்களுக்கு இருந்த மானியத்தையும் பட்டத்தையும் சர்க்கார் நிறுத்திய செய்தி, இரண்டு வாரம் பழைய பத்திரிகையில் வந்தது. டாக்டர் ஐயா அதை உரக்கப் படித்தார். நாச்சியார் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே கேட்டார். பாவம் அவர்கள் என்று மட்டும் சொன்னார். எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. புதுக் கடைக்கு இடம் பார்த்துவிட்டவர் பழைய கடை இடிவதைப் பற்றிப் பேசுகிற குரல் அது.

அவர் இடம் பார்த்துத்தான் வைத்திருந்தார். இங்குள்ள தமிழ்ச் சங்கத்தார் ஊரிலிருந்து ஒரு முருகன் விக்கிரகம் வரவழைத்திருந்தார்கள். சென்ட் லோரன்டில் ஒரு தேவாலயத்தார் தங்கள் கீழ்த்தள மண்டபத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் தரச் சம்மதித்திருந்தார்கள். முதல் பங்குனி உத்திரம் 1973இல் நடப்பதாக முடிவானது. நாச்சியார் என்னிடம் விரலை மடக்கிச் சொன்னார்: “இங்க முருகன் இருக்கார். பங்குனி உத்திரம் இருக்கு. குருக்கள் இல்லை. அண்ணனும் இல்லை.”

அவ்வளவுதான். படை திரட்ட ஆரம்பித்தார். படை என்றால் நான்தான். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பத்தியச் சமையல் போனது. சென்ட் லோரன்டில் ஒரே பிளாட்டில் நான்கு கல்யாணமாகாத எஞ்சினியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வெள்ளிக்கிழமைதோறும் வத்தக்குழம்பு போனது. மூன்றாவது வெள்ளிக்கிழமையே அந்தப் பிளாட் எங்கள் பக்கம் விழுந்தது. விமானத்துக்கு இறக்கை செய்கிற தொழிற்சாலையில் ஓர் எஞ்சினியர் இருந்தார். அவர் அப்பா ஊரில் கோயில் குருக்கள். அதனால் இவரையே பூசைக்கு ஏற்பாடு செய்தார்கள். அவருக்குத் தேங்காய்ப் போளி என்றால் உயிர். ஆறு முறை செய்து அனுப்பினேன். ஏழாவது முறை அவரே போன் செய்து, “பரிவட்டம் கட்டறதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லேன்னு சொல்லிடுங்கோ” என்றார்.

எதிர்த்து நின்றவர் ஒருவர்தான், கணக்குப் பேராசிரியர். அந்தத் துணி அவருக்கு வேண்டியதில்லை. நாச்சியாருக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான். “இங்க ராஜாவும் கிடையாது, ராணியும் கிடையாது. எல்லாரும் சமம். சீட்டுக் குலுக்கிப் போடுவோம்” என்பார். சங்கத்தில் அப்போது ஒரே ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். தொழிற்சாலை ஒன்றில் எலக்ட்ரீஷியன். அவர்தான் மெல்லக் கேட்டார்: “ராணி இல்லாத நாடோ சேர் இது? அப்ப கடித முத்திரையில கிடக்கிறது ஆருடைய முகம்?” பேராசிரியர் அவரோடு இரண்டு வாரம் பேசவில்லை.

என்னிடம் ஒரு வசதி உண்டு. நான் நிற்கிற இடத்தில் யாரும் இல்லை என்றே எல்லாரும் நினைப்பார்கள். பேராசிரியர் வீட்டுக் காதுகுத்துக்கும் என்னைத்தான் சமைக்கக் கூப்பிட்டார்கள். அவர் அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“நீங்க அந்த அரண்மனையிலேயே வளர்ந்தவர். பொம்பளைக்குப் பரிவட்டம் கட்டின வழக்கம் உண்டா? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல உங்களைக் கேப்பேன். உண்மையைச் சொன்னாப் போதும்.”

“வடைக்கு உப்பு சரியா இருக்கா பாருங்க சார்” என்றேன்.

அன்று திரும்பும்போது காரை ஓட்டிக்கொண்டே நாச்சியார் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை உன்னைக் கேப்பாங்களாமே?”

“ஆமாங்க.”

“உண்மையைத்தான் சொல்லணும்.”

“ஆமாங்க.”

“எது உண்மைன்னு உனக்குத் தெரியும்ல?”

இரண்டு பேரும் உண்மையைத்தான் கேட்டார்கள். எனக்கு அந்த வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை. நாச்சியாருக்கு அந்தத் துணி எவ்வளவு வேண்டியிருந்தது என்பது என்னைத் தவிர இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. டாக்டர் ஐயாவுக்குக்கூடத் தெரியாது.

கூட்டம் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நடந்தது. நான் மேலே காபி கலந்துகொண்டிருந்தேன். பேச்சு ஏறிக்கொண்டே போனது. “இதுக்கு சாட்சி யாராவது உண்டா?” என்று பேராசிரியர் கேட்டது காதில் விழுந்தது. “உண்டு. மேலே காபி போடறார்” என்றார் நாச்சியார்.

கையைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அதுவரை நான் பேசியது இரண்டே பேச்சு. “இன்னும் கொஞ்சம்?” ஒன்று, “போதுங்களா?” மற்றொன்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“இவர் பொய் சொல்லமாட்டார்னு எனக்கு நம்பிக்கை இருக்கு” என்றார் பேராசிரியர். “ஏன்னா, இவர் பேசவே மாட்டாரே!”

எல்லாரும் சிரித்தார்கள். நாச்சியாரும் கொஞ்சம் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

“கட்டியிருக்காங்க” என்றேன்.

“யாருக்கு? எப்போ?”

“ஒரு நாச்சியாருக்குங்க. வாரிசு குழந்தையா இருந்த காலத்துல. எனக்கு முன்னாடி அடுப்படியில இருந்த பெரியவர் சொல்லியிருக்கார்.”

அது முழுப் பொய். நாச்சியார் முகத்தில் விளக்கு ஏற்றியதுபோல இருந்தது. அதோடு நான் மேலே போயிருக்கலாம். போகவில்லை.

“ஆனா ஒண்ணுங்க” என்றேன்.

சத்தம் அடங்கியது. ஒரு வாய்ப் பேச்சுக்கு முப்பது படித்தவர்கள் காத்திருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அந்த ருசி பொல்லாதது.

“பரிவட்டம் கட்டிக்கிட்டவங்க சாமிக்கு முன்னால மூணு சுத்து வரணும். வெறுங்காலோட. கட்டடத்துக்கு வெளியில. கூட வர்ற ஆம்பளைங்க சட்டை போடக்கூடாது. இல்லேன்னா கட்டினது செல்லாது.”

உண்மை என்ன என்று இப்போது சொல்கிறேன். ஊரில் ஜமீன்தார் வந்தது ஒரே ஒரு சுற்று. அதுவும் பிராகாரத்துக்குள். அவர் கால் மண்ணில் படாமல் முன்னால் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டே போவார்கள். அதற்கு நடைபாவாடை என்று பேர். அவர் தாண்டிய துணியைப் பின்னாலிருந்து உருவி மறுபடி முன்னால் விரிப்பார்கள். நான் நடைபாவாடையை விட்டுவிட்டேன். இரண்டு சுற்றைச் சேர்த்தேன். எல்லாரையும் வெளியே தள்ளினேன். மார்ச் மாதம், வெளியே முழங்கால் அளவு பனி. இதைக் கேட்டால் யாரும் ஒப்பமாட்டார்கள், பரிவட்டப் பேச்சே அடங்கிவிடும், எனக்குப் போளி தட்டுகிற வேலை குறையும். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

நாச்சியார் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். நடைபாவாடை விரித்ததைச் சின்ன வயதில் வருடம்தோறும் பார்த்தவர். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால் சாட்சி பொய்யன் என்று ஆகிவிடும். சாட்சி பொய்யன் என்றால் அந்தப் பழைய நாச்சியாரின் பரிவட்டமும் பொய். அவர் கண்ணில் இதெல்லாம் ஓடி முடிவதற்கு ஒரு மடக்குக் காபி குடிக்கிற நேரம்தான் ஆனது.

“ஆமா” என்றார். “நானே மறந்துட்டேன் பாருங்க. மூணு சுத்து. நடக்கறேன்.”

டாக்டர் ஐயா எழுந்துவிட்டார். “உனக்கென்ன பைத்தியமா? இந்தப் பனியிலயா? விரல் செத்துப்போயிடும்!”

“பத்து இருக்கில்ல” என்றார் நாச்சியார்.

அப்போதாவது பேராசிரியர் சிரித்துக் கலைத்திருக்கலாம். ஆனால் வத்தக்குழம்புப் பிளாட்டிலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கினான். “நான் சட்டையில்லாம வர்றேன்.” அடுத்தவன் தூக்கினான். பிறகு இறக்கை எஞ்சினியர். பெண்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குமேல் எந்த ஆண்பிள்ளை சும்மா இருப்பான்? கடைசியில் பேராசிரியரும் தொண்டையைக் கனைத்தார். “வழக்கம்னா வழக்கம்தான். நானும் வர்றேன்.”

அந்த வருடம் உத்திரம் ஞாயிற்றுக்கிழமையே வந்தது. மண்டபத்துக்குள் கணகணவென்று சூடு. இறக்கை எஞ்சினியர் காகிதத்தைப் பார்த்து மந்திரம் சொல்லி, முருகன் மேலிருந்த பட்டை எடுத்து, நாச்சியார் தலையில் சுற்றிக் கட்டினார். நாச்சியார் கண்ணை மூடவில்லை. பட்டின் நுனி நெற்றியில் படுவதை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, கூட்டத்தில் என்னைத் தேடினார்.

“குடை பிடிக்க ஆள் வேணும். அதுவும் வழக்கம்தானே?”

என் பொய்யில் நானும் ஓர் ஆண்பிள்ளை என்பதை மறந்துபோயிருந்தேன். சட்டையைக் கழற்றினேன். டாக்டர் ஐயாவின் கறுப்புக் குடையை வாங்கிக்கொண்டேன்.

கதவைத் திறந்ததும் இருபது பேரும் ஒரே குரலில் “முருகா” என்றார்கள். அவ்வளவு பக்தியை நான் ஊரில்கூடக் கேட்டதில்லை. முன்னால் நாச்சியார், பக்கத்தில் நான், பின்னால் விக்கிரகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறக்கை எஞ்சினியர், அவருக்குப் பின்னால் நடுங்கும் தொப்பைகள். யாழ்ப்பாணத்துக்காரர் மட்டும் தடித்த கோட்டோடு சங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். பேராசிரியர் பல் கிடுகிடுக்க அவரை முறைத்தார்.

“எனக்கு ஊதுறதுக்கு மூச்சு வேணும் சேர். பிறகு முருகனிட்டை நான் கதைச்சுக்கொள்ளுறன்.”

தேவாலயத்துப் பாதிரியார் வயதானவர், நல்ல மனிதர். பெண்பிள்ளை வெறுங்காலோடு பனியில் வருவதைப் பார்த்துப் பதறிப்போய், ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வழுக்கி விழுந்துவிடக்கூடாதே என்று எங்களுக்கு முன்னால் கல்லுப்பைத் தூவிக்கொண்டே போனார். அவர் அன்பாகத்தான் தூவினார். பனியில் மரத்துப்போன காலில் கல்லுப்பு குத்தினால் எப்படி இருக்கும் என்பது மிதித்தவர்களுக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று சொல்ல எனக்குப் பிரெஞ்சு தெரியாது. தெரிந்த ஒரே சொல் நன்றி, அதை “மெர்சி, மெர்சி” என்று சொன்னேன். அவர் இன்னும் இரண்டு கை சேர்த்துத் தூவினார். தெருவில் போன பஸ் நின்றது. டிரைவர் கதவைத் திறந்து எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “போன்ஜூர்” என்றார்.

முதல் சுற்றின் பாதியில் நாச்சியார் உதட்டை அசைக்காமல் கேட்டார்.

“நடைபாவாடை எங்க போச்சு?”

“வெளுக்கப் போட்டிருக்குங்க.”

சிரிப்பை அடக்கியதில் தலையில் பரிவட்டம் ஆடியது. பின்னால் வந்தவர்கள் அவருக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்து இன்னும் உரக்க “முருகா” என்றார்கள்.

முதல் சுற்று முடிந்தபோது பாதிப் பேர் கதவோரமாக நழுவினார்கள். இரண்டாம் சுற்று முடிகிற இடத்தில் பேராசிரியரின் மனைவி கோட்டும் கையுமாக நின்றார். “சமம், சமம்னு சொன்னது போதும், உள்ள வாங்க” என்று அவரை அப்படியே சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மூன்றாம் சுற்றில் மிஞ்சியது நாச்சியார், நான், நான்கு வத்தக்குழம்புப் பையன்கள், சங்கு, இறக்கை எஞ்சினியர். அவர் கையில் முருகன் இருந்ததால் அவருக்கு ஓட வழியில்லை. நாச்சியாரின் கால் முதலில் சிவந்து, பிறகு வெளுத்துப்போயிருந்தது. அதற்காக அவர் வேகமாக நடக்கவில்லை. ராஜா எப்படி நடந்தாரோ அப்படி, அடி அடியாக நடந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது, ஒரு சுற்று என்றே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று.

உள்ளே வந்ததும் டாக்டர் ஐயா, பொங்கல் வைத்த அண்டாவில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அவர் காலை அதில் வைத்துத் திட்டிக்கொண்டே பிடித்துவிட்டார். விரல் பத்தும் பிழைத்தது. நாச்சியார் பரிவட்டத்தை அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தார். பிரசாதம் யாருக்கு முதலில் என்று அவர்தான் விரலால் காட்டினார். பேராசிரியர் கோட்டோடு வந்து எதிரில் நின்று கும்பிட்டார். பின்னாலிருந்த முருகனைத்தான் கும்பிட்டேன் என்று அவர் இன்றுவரை சொல்கிறார்.

“அடுத்த வருஷம் யாருக்குன்னு சீட்டுக் குலுக்கலாமா சார்?” என்று நாச்சியார் கேட்டார். பேராசிரியர் பிரசாதத்துக்குத் தட்டை நீட்டினார்.

அதன் பிறகு போட்டி என்பதே கிடையாது. வருடம்தோறும் பரிவட்டம் அவருக்குத்தான், மூன்று சுற்றும் அவருக்குத்தான். குடை எனக்கு. ஒரு வருடம் பனிக்கட்டி மழை. ஒரு வருடம் வெயில். அந்த ஒரு வருடம் மட்டும் பேராசிரியர் மூன்று சுற்றும் வந்தார். சங்க மலரில் வேறொரு டாக்டர் எங்கள் மூன்று சுற்றைத் தொன்றுதொட்டு வரும் மரபு என்றே கட்டுரை எழுதிவிட்டார்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், வருகிற பங்குனிக்கு நாச்சியாரின் அண்ணன் இங்கே வருவதாகக் கடிதம் போட்டிருக்கிறார். அவர் வந்து வாயைத் திறந்தால் பெண்ணுக்குப் பரிவட்டமும் கிடையாது, மூன்று சுற்றும் கிடையாது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். நான் பயந்துபோய் நாச்சியாரிடம் கேட்டேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அவர் சொல்றதுக்கு முன்னாடி நீயே எழுதிடு. பத்திரிகையில வரட்டும்.”

“பேராசிரியர் சும்மா விடுவாராங்க? பொய்யை வெச்சுக் கட்டிக்கிட்டதுன்னு சொல்லி எடுத்துடமாட்டாங்களா?”

“எடுத்து யாருக்குக் கட்டுவாங்க? ஏழு வருஷம் நடந்திருக்கேன். நீ சொன்னப்ப அது பொய். இப்ப அது வழக்கம்.” வெங்காயத்தை என் பக்கம் தள்ளினார். “அண்ணனுக்கு வேணும்னா அவரும் கட்டிக்கட்டும். மூணு சுத்து. வெறுங்கால். நடைபாவாடைன்னு ஒண்ணு இங்க இல்லவே இல்லேன்னு மறக்காம எழுது.”

எழுதிவிட்டேன்.

1979 நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை.